முதலாளி என் காலில் விழுந்தார்

மார்கழி 18, வெள்ளி

படுத்தும் தூக்கம் வரவில்லை. இன்று ஐயப்பன் பஜனைக்கு எங்கள் குழு முழுவதும் வந்திருந்தது. லாரி டிரைவர், பேங்க் கேஷியர், கறிக்கடைக்காரர், உப்பு வாரும் நாங்கள் நாலு பேர், எங்கள் உப்பள முதலாளி. மாலை போட்டுவிட்டால் எல்லாரும் சாமிதான். பல வருடம் மலைக்குப் போன நான் குருசாமி, முதலாளி கன்னிச்சாமி.

பூஜை முடிந்ததும், உப்புத் தண்ணீரில் வெடித்த என் காலில் அவர் விழுந்தார். "நல்லா இருங்க சாமி" என்று தலையில் கை வைத்தேன். எழுந்தவர் மெதுவாகச் சொன்னார். "உப்பளத்த இறால் பண்ணைக்கு விட்டுட்டேன் சாமி. தையிலேர்ந்து யாரும் வேலைக்கு வர வேணாம். மத்த மூணு பேருகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

விரதத்தில் கோபப்படக் கூடாது. என் காலில் விழுந்தவர் காலில் நான் எப்படி விழுவது? "சரிங்க சாமி" என்றேன்.

வெளியே என்னோடு உப்பு வாரும் மூன்று பேரும் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தார்கள். "இந்த வருஷம் உப்பு நல்லா வெளையும், இல்லீங்களா சாமி?" என்று ஒருவன் கேட்டான். அதற்கும் தலையாட்டிவிட்டேன்.

காலையில் இருமுடி கட்டு. அவர்கள் தலையிலும் முதலாளி தலையிலும் நான்தான் தூக்கி வைக்க வேண்டும். சரணம் சொல்ல வாயைத் திறந்தால் என்ன வருமோ, ஐயப்பா.