டார்ச் பிடித்தவன்

ஆகஸ்ட் 8, வியாழன்

அந்தப் படத்தை நினைத்தால் இன்னும் பற்றி எரிகிறது. தோல் கம்பெனியில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டி ஓரம், இருட்டில், அங்கே வேலை பார்க்கும் என் மச்சான் செல்வம் டார்ச்சைச் சுழற்றியபடி நடக்க, நான் கேமராவை அரை நிமிடம் திறந்துவைத்து எடுத்த படம் அது. அப்படி எடுத்தால் வெளிச்சம் பதியும், நகர்கிறவன் பதியமாட்டான். கலைஞன் என்று மீசையை வேறு முறுக்கிக்கொண்டேன், மடையன்.

சுண்ணாம்பில் வெந்த கையோடு இன்று செல்வம் கம்பெனியில் வைத்தியச் செலவு கேட்டான். கூடப் போயிருந்தேன். மேனேஜர், சுவரில் மாட்டியிருந்த என் அந்தப் படத்தைக் காட்டினார். "எல்லாம் மிஷின்தான் சார். தொட்டிகிட்ட ஆளே இல்ல, பாருங்க. நீங்க எடுத்ததுதானே?"

வெளியே வந்து, "மச்சான், நாளைக்கு வேலை நேரத்துல உன்ன அசையாம நிக்கவெச்சு எடுக்கறேன்" என்றேன்.

"இன்னா மாமா, அசையாம நின்னா மேனேஜர் வீட்டுக்கு அனுப்பிடுவான்" என்றான்.