கொளஞ்சி படத்துக்கு விழுந்த மாலை

கிளியனூர்,
14-9-1957

என் செல்ல மகள் கொளஞ்சிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் மாடு கன்றும் சுகம். பம்பாயில் நீ ஒவ்வொரு தடவையும் பத்திரமாகத் தரை இறங்குகிறாய் என்று கேட்டால்தான் எங்கள் சுகம் முழுச் சுகம். மல்லாட்டை பிடுங்கியாகிவிட்டது, கடலை களத்தில் காய்கிறது, மழை வந்து கெடுக்காமல் இருக்க வேண்டும். உன் கடிதங்களுக்கெல்லாம் அப்பாவே பதில் எழுதட்டும் என்று விட்டுவிட்டேன், கோபம் இல்லையடி, பயம். லைசென்ஸ் வந்ததும் விமானத்தில் நான் ஏற்றப்போகும் முதல் ஆள் நீதானம்மா என்று எழுதியிருந்தாயே, அதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இப்போது தெரிந்துவிட்டது, ஆனால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பேப்பர்காரர்கள் உன்னை எடுத்த போட்டோவை அனுப்பினாய் அல்லவா, உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. போன வெள்ளிக்கிழமை அதற்குக் கண்ணாடி போட்டு வருகிறேன் என்று திண்டிவனம் கிளம்பிவிட்டார். படத்துக்குச் சட்டம் போடுகிற வெங்கடாசலம் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லையாம். நம் பக்கத்தில் சின்ன வயசுப் பிள்ளையின் படத்தை மட்டும் தனியாகக் கண்ணாடி போட ஒரு தகப்பன் எதற்கு வருவான் என்று உனக்கே தெரியும். அவன் பாட்டுக்குச் சட்டம் அடித்து, கண்ணாடி மேல் குங்குமம் வைத்து, சந்தன மாலையும் போட்டு, எழுந்து நின்று கொடுத்தானாம். இந்த மனுஷர் அதை உனக்குச் செய்த மரியாதை என்று நினைத்துக்கொண்டார்! பஸ்ஸில் எல்லோரும் பார்க்கட்டும் என்று படத்தை நெஞ்சில் சாய்த்து வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். கண்டக்டர் ஒரு ஆளை எழுப்பி இடம் கொடுத்தாராம், பக்கத்தில் இருந்த அம்மாள் கண்ணைத் துடைத்தாளாம், நம் மகளுக்காக ஊரே உருகுகிறது என்று இவரும் சேர்ந்து அழுதிருக்கிறார்.

நான் களத்தில் மல்லாட்டை கிளறிக்கொண்டிருந்தேன். அவர் வருவது தெரிந்தது. கையில் படம், படத்தில் நீ, உன் மேல் மாலை, அவர் கண்ணெல்லாம் சிவப்பு. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது கண்ணே. கண் விழித்தபோது அவர் மடியில் கிடந்தேன். கொளஞ்சி நல்லா இருக்காடி, மருவாதைக்குப் போட்ட மாலைன்னு நெனச்சிக்கினு வந்துட்டேன்டி என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விஷயம் கேட்டு உன் பெரியம்மா காணையிலிருந்து ஓடி வந்தாள். இது நல்ல சகுனமே இல்ல, ஒனக்கு சீரியஸ்னு ஒரு தந்தி குடு, அவ ஜல்தியா ஓடியாருவா, அப்புறம் அந்தப் பக்கமே அனுப்பாத என்றாள். உன்னிடம் என்ன மறைப்பு, எனக்கும் அதுவே சரியென்று பட்டது. தந்தி கொடுக்கப் போக அப்பாவைச் சட்டை மாட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு, அதற்குள் மாலையைக் கழற்றி அடுப்பில் போட்டேன், ஈரத்துணியால் குங்குமத்தைத் துடைத்தேன். துடைக்கும்போதுதான் உன் முகத்தை நிதானமாகப் பார்த்தேன். தோல் குல்லாய், நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட பெரிய கண்ணாடி, பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. இந்த வீட்டில் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பொய்த் தந்தி கொடுத்தால் நீ வந்துவிடுவாய், அந்தச் சிரிப்பு வராது. சட்டையைக் கழற்றுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கண்மையை எடுத்து, கண்ணாடி மேலேயே உன் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தேன். பார்க்கிறவர்களுக்கு இவள் உயிரோடு இருக்கிற பிள்ளை என்று தெரியட்டும்.

படத்தில் இன்னொன்றும் பார்த்தேன். விமானத்தில் உட்கார இரண்டு இடம் இருக்கிறது, ஒன்றில் நீ, இன்னொன்று காலி. எனக்குப் பயம் போகவில்லை, போகவும் போகாது. ஆனால் இங்கே களத்தில் நின்று பயப்படுவதை விட, உன்னோடு உட்கார்ந்தே பயந்துகொள்கிறேன். அந்த இடத்தில் வேறு யாரையும் ஏற்றாதே.

வேளைக்குச் சாப்பிடு, வெறும் வயிற்றோடு மேலே போகாதே. உனக்குப் பேர் கொடுத்த கொளஞ்சியப்பர் உன்னை ஏற்றி இறக்கிக் காப்பாற்றுவார். மறக்காதே, எனக்கு சீரியஸ் என்று தந்தி வந்தால் நம்பாதே, அது பெரியம்மா வேலை. லைசென்ஸ் வந்த அன்றே எழுது.

இப்படிக்கு,
நீ ஏற்றப்போகும் முதல் ஆள்,
உன் அம்மா வெள்ளையம்மாள்