வெயில்காலச் சலுகை

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எங்கள் இருவர் வாயிலும் வரும் முதல் பேச்சு. இங்கே நாங்கள் சுகம்தான், சுகம் என்று எழுதி முடிப்பதற்குள் வியர்வை சொட்டி எழுத்து கலைந்துவிட்டது, மீதியை நீயே புரிந்துகொள். வெயில் மண்டையைப் பிளக்கிறது. மின்விசிறி சுடுகாற்றைத்தான் சுற்றிச் சுற்றி அனுப்புகிறது. அம்மாவின் முழங்கால் வலி பழையபடிதான், மருந்துக்கடைக்காரர் கொடுத்த தைலத்தைத் தடவிக்கொண்டு, வலி போகாவிட்டாலும் கொசுவாவது கிட்டே வராது என்கிறாள். மாடிக் குடித்தனக்காரர் குழாயைத் திறந்துவிட்டுத் தூங்கிவிடுகிறார், கேட்டால் நான் இல்லை என்கிறார், அந்த மாடியில் அவர் ஒருவர்தான் இருக்கிறார். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். நான் எழுத வந்தது போனில் சொல்ல முடியாத விஷயம், ஏனென்றால் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொள்வாள். நான் கோல்ஃப் கோப்பை ஜெயித்ததற்கு நீ அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டாய், ஆபீசில் எல்லோரிடமும் படத்தைக் காட்டினேன் என்றாய். நான் ம், ம் என்று மட்டும் சொன்னேன். அந்தக் கோப்பை இப்போது நம் வீட்டில் இல்லை. ஏன் என்று சொல்கிறேன், பதறாமல் படி.

வெயில் காலத்தில் நல்ல ஆட்டக்காரர்கள் யாரும் வெளியே வரமாட்டார்கள், மைதானமெல்லாம் எங்களைப் போன்ற அரைகுறைகளுக்குத்தான். நான், ஆடிட்டர், பல் டாக்டர் மூவரும் விடியும்போதே போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவோம். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து மைதானத்தில் புல் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை, பந்தைத் தட்டினால் சிமென்ட் தரையில் உருளுவது போல ஓடிக்கொண்டே இருக்கும். மேட்டு மைதானத்தில் ஏறி முடிப்பதற்குள்ளேயே ஆடி முடித்த களைப்பு வந்துவிடும். கடைசியில் எங்கள் கிளப் மைதானத்துக்கே வந்து சேர்ந்தோம், அங்கே பந்து விழ வேண்டிய குழியைச் சுற்றியாவது தண்ணீர் விடுகிறார்கள், ஓரத்தில் மரங்களும் உண்டு, மற்ற இடமெல்லாம் கை போகிற அளவுக்கு வெடிப்பு. பல் டாக்டர் பந்தை அடிப்பது பல்லைப் பிடுங்குவது போலத்தான், எங்கே போய் விழுந்தது என்ற கவலை கிடையாது, இடத்தை விட்டுக் கிளம்பினால் போதும். ஆடிட்டர் அடிப்பதைவிட அடுத்தவர் அடித்ததை எண்ணுவதே அதிகம். எனக்கு என்ன ஆயிற்று என்றால், போன வருஷத்திலிருந்தே பந்து தெரியாமல் போக ஆரம்பித்தது. மட்டை படும் சத்தம் கேட்கும், பந்து எழும்புவது தெரியும், அதற்குப் பிறகு வெறும் வானம். வெயிலுக்குக் கண் கூசுகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன், வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை.

கிழவர்கள் ஒரு குட்டிப் பந்தைத் துரத்திக்கொண்டு அலைவதாகக் கேலி பேசியே காலம் கழித்த உன் அம்மா, இந்த வெயில் காலம் ஆரம்பித்ததும், டாக்டர் நடக்கச் சொன்னார் என்று குடையை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டாள். நான் காரை ஓட்ட, போகும் வழியெல்லாம் இடது பக்கம் ஸ்கூட்டர், முன்னால் பஸ் நிற்கிறது, சிவப்பு விழுந்துவிட்டது என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வருவாள். எனக்கு எரிச்சலாக இருக்கும், ரேடியோவைக் கொஞ்சம் நிறுத்து என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். மைதானத்தில் எங்களுக்கு முன்னால் மர நிழலோரமாகவே நொண்டிக்கொண்டு போய், என் பந்து கிடக்கும் இடத்தில் நின்று குடையை ஆட்டுவாள். நான் குடையைக் குறி வைத்து நடப்பேன். போய்ப் பார்த்தால் பந்து நல்ல சமதரையில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். மற்ற இரண்டு பேரும் புதருக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருப்பார்கள். உங்கள் பந்துக்கு மட்டும் மரமெல்லாம் வழி விடுகிறதே என்று பல் டாக்டர் ஒரு நாள் கேட்டார். வயது ஏற ஏறத்தான் ஆட்டம் கைக்கு வருகிறது என்று நான் சொன்னேன் பாப்பா, கூச்சமே இல்லாமல் சொன்னேன். அப்படித்தான் கோடைப் போட்டியில் கோப்பை வந்தது.

வீட்டுக்கு வந்து அதை டிவி பக்கத்தில் வைத்து அம்மா தினமும் துடைப்பாள். ஒரு நாள் துடைத்துக்கொண்டே, வெயில் காலத்தில் மட்டும்தானா இந்தச் சலுகை, மழைக்காலத்திலும் கொடுத்தால் என்ன என்றாள். என்ன சலுகை என்று கேட்டேன். கிளப் வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள், தரை வெடிப்பில் விழுந்த பந்தைக் கோடை முடியும் வரை கையால் எடுத்துப் பக்கத்தில் வைத்து ஆடலாம் என்று. வெடிப்புக்குள் சிக்கிய பந்துக்கு மட்டும்தான் அந்த விதி. இவள் அதைப் படித்துவிட்டு, "தரைதான் முழுக்க வெடிச்சுக் கிடக்கே, அப்ப எங்க விழுந்தாலும் எடுக்கலாம்தானே" என்று முடிவு கட்டியிருக்கிறாள். மர வேருக்கு நடுவிலிருந்து, முள்ளிலிருந்து, மணல் குழியிலிருந்து, எங்கே விழுந்தாலும் எடுத்து நல்ல இடமாகப் பார்த்து வைத்திருக்கிறாள், அதுவும் அந்த முழங்காலோடு குனிந்து குனிந்து. எடுத்ததை என்னிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று சத்தம் போட்டேன். அவள் துணியை மடித்து வைத்துவிட்டு, "சொன்னா, பந்து அங்க விழுந்ததை நீங்க பார்க்கலைன்னு ஆயிடும் இல்ல" என்றாள். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், மாடிக்காரர் மாதிரி தண்ணீரை வீணாக்கினேன்.

கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை, அது என் ஆட்டம் இல்லை. ஆனால் என்ன சொல்லிக் கொடுப்பது. மனைவிக்கு விதி புரியவில்லை என்றால் அந்தக் கிளப்பில் அவள் மறுபடி தலை காட்ட முடியாது, ஆயுளுக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். உண்மையைச் சொன்னால் மட்டையையும் கார் சாவியையும் சேர்த்து வைத்துவிட வேண்டியதுதான். சில நாள் மென்று முழுங்கிக்கொண்டு திரிந்தேன். ஜெயித்தவர்கள் பலகையில் என் பெயரை எழுத பெயின்டர் வந்துவிட்டார் என்று போன் வந்தது, அதற்குப் பிறகு தள்ளிப்போட வழியில்லை. கோப்பையைப் பையில் போட்டுக்கொண்டு தனியாக, ஆட்டோவில் போனேன். கிளப் செயலாளர் அறையில் ஆடிட்டரும் பல் டாக்டரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், வெளியே பெயின்டர் ஏணி போட்டுக்கொண்டிருந்தார். நான் உட்காராமலேயே, "என் பந்து எங்க விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. இந்த வெயில் காலம் முழுக்கவே தெரியாது. எனக்குக் கண் தெரியல. தெரிஞ்ச மாதிரி ஆட்டக் கணக்குச் சீட்டுல கையெழுத்துப் போட்டேன்" என்று சொல்லிவிட்டு மேஜைமேல் வைத்தேன். வேறு யாரைப் பற்றியும் பேசவில்லை. ஆடிட்டர் என்னைக் குடைந்து கேள்வி கேட்பார் என்று நினைத்தேன், மனிதர் எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார், அவ்வளவுதான். பல் டாக்டர்தான் வீட்டில் கொண்டு வந்து விட்டார். வழியில் அவர் இடது வலது என்று எதுவும் சொல்லவில்லை, பேசாமல் ஓட்டினார், எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை.

அம்மாவுக்குக் கோப்பை போனதில் கோபம் இல்லை, தன்னை விட்டுவிட்டுப் போனதில்தான் கோபம், இரண்டு வேளை முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் அவளே கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று வழியெல்லாம் திட்டினாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு காய்ந்துகொண்டு வருகிறதாம். போனது போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றிப் பார்க்கலாம், எவ்வளவு நாள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வண்டி ஓட்டக் கூடாது என்றார். காரை விற்றுவிட ஏற்பாடு செய்துவிட்டேன், எதிர் வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். கோல்ஃபைப் பற்றிக் கண் டாக்டர் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. போன வாரம் மறுபடி போனோம், போட்டி எதுவும் இல்லாமல் சும்மா. அம்மா பந்துக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "வேருக்கு நடுவுல கிடக்கு, ரொம்ப மோசம்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்துகிறாள். மூன்று பேரிலும் நான்தான் கடைசி. உடம்பும் அசந்துவிட்டது, வந்ததும் படுத்துவிட்டேன்.

இப்போது உனக்கு. உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று அந்த டாக்டர் கேட்டபோது பெருமையாக ஒரு பெண் என்றேன், அப்படியானால் அவளும் உடனே பரிசோதித்துக்கொள்ளட்டும், இது அப்பாவிடமிருந்து வரக்கூடியது, வலிக்காது, சத்தம் போடாமல் வரும் என்றார். வேலை இருக்கிறது என்று தள்ளிப்போடாதே, கடிதம் கிடைத்த வாரமே போ, டாக்டர் சொன்னதை அப்படியே எழுது. எனக்காக எதையும் நல்ல இடத்தில் எடுத்து வைத்து எழுத வேண்டாம். நான் இதையெல்லாம் சொன்னதாக அம்மாவிடம் காட்டிக்கொள்ளாதே, அவள் தனக்குத் தெரிந்ததைத் தானே சொல்லும்வரை பொறு. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இருவர் ஆசியும் உங்களுக்கு எப்போதும் உண்டு. பேத்தியை இதுவரை போன் திரையில்தான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கடிதத்திலும் முடிந்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போ என்று எழுதுவேன், நீயும் பார்க்கலாம் அப்பா என்பாய். இந்தத் தடவை முடிந்தால் என்று எழுதவில்லை. குழந்தையைக் கூட்டிக்கொண்டு சீக்கிரம் வா, அவள் முகம் எனக்குத் தெரியும்போதே வா.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அப்பா