கால் முதலில் பிறந்தவனுக்கு

இன்று காலை பக்கத்துக் கொல்லையில் கோசுக்கு வேப்பெண்ணெய் அடித்தார்கள். காற்றில் அந்த நாற்றம் வந்ததும் என் முதுகு தானாகச் சுருங்கியது. அது உன் குதிகாலின் நாற்றம். உதைப்பதற்கு முன் வேப்பெண்ணெய் எடுத்துக் காலில் தேய்த்துக்கொள்வாய் அல்லவா? நீ போய் ஒரு போகம் தக்காளி முடிந்துவிட்டது. என் முதுகுக்கு இன்னும் உன் பயம் விடவில்லை.

நான்தான் எழுதுகிறேன், நம்பு. கைநாட்டு வைத்த அதே ஆள். சாயங்கால வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டேன். ஒரு வரி முடிக்க ஒரு பீடி நேரம் ஆகிறது. ஆனால் என்ன சுகம் தெரியுமா! நீ என்னைத் திட்டியதையெல்லாம் எழுதிப் பார்த்தேன், ஒன்று விடாமல் வருகிறது. வகுப்பெடுக்கும் பெண் படித்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள்.

நீ தாய் வயிற்றிலிருந்து கால் முதலில் வந்தவன். அப்படிப் பிறந்தவன் உதைத்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. சூளகிரி, கெலமங்கலம் என்று எங்கிருந்தோ வருவார்கள். களை எடுத்தவர்கள், நாற்று நட்டவர்கள், பெட்டி தூக்கியவர்கள். சுவரைப் பிடித்து நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து உதைப்பாய். சிலர் நிமிர்ந்து போனார்கள். சிலரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நிமிர்ந்தவர்களைப் பற்றித்தான் ஊர் பேசியது.

எனக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டு, என்னை நீ உதைத்தபோது கொம்பு முறிந்த மாதிரி சத்தம் கேட்டது. ஒரு கால் மரத்துப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அங்கே பயிற்சி சொல்லித்தரும் பெண், "இன்னொரு ஒதை வாங்காதீங்க தாத்தா, அப்புறம் நடக்கவே முடியாது" என்றாள். மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சுக்கு இழுக்கச் சொன்னாள். கால்களை மடக்கி ஊன்றி இடுப்பை மெல்லத் தூக்கச் சொன்னாள். பாரம் எடுக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, பாரத்தை உடம்போடு சேர்த்துத் தூக்கவேண்டும் என்றாள். அடுத்த நடவுக்குள் மண்வெட்டி பிடித்துவிட்டேன்.

உனக்கு அது பொறுக்கவில்லை. "என்னடா, தவளையாட்டம் மல்லாந்து கெடக்கற? ஒரு ஒதைக்குத் தாங்காத பயலே!" என்று என் பாயை உருவி எருக்குழியில் எறிந்தாய். நான் எறிந்த மண்கட்டி உன் நெற்றியைப் பிளந்தது. நீ என் கழுத்தைப் பிடித்தாய். உன் மனைவி மாட்டுச் சாட்டையோடு வந்து இருவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்துப் பிரித்தாள்.

அப்புறம் உனக்கே வந்தது. தக்காளி ஏற்ற வந்த வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறது. பெட்டிக்குக் குனிந்தவன் குனிந்தபடியே விழுந்தாய். கோபம் முற்றினால் தெலுங்கில் திட்டுகிற நீ, வலியில் கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டுக் கத்தினாய். "அய்யோ தேவரே!" கம்பெனி பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உன்னை உதைக்க ஆளில்லை. சுற்றுவட்டாரத்தில் கால் முதலில் பிறந்தவன் நீ ஒருவன்தான்.

"நீயே ஒதைடா" என்றாய்.

"நான் தலை முன்ன வந்தவன்டா."

"பரவால்ல, ஒதை!"

"மாட்டன். படுத்த படுக்கையாப் பூடுவ."

"அப்ப நீ எனக்குச் சிநேகிதனே இல்ல. போடா!"

உன் மருமகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். "நான் ஒதைக்கறன் மாமா." நான் குறுக்கே பாய்ந்தேன். அவன் விட்ட உதை என் தொடையில் விழுந்தது. செடிக்கு நட்டிருந்த கொம்பைப் பிடுங்கி அவன் முட்டியில் ஒன்று போட்டேன். அவன் அலறிக்கொண்டு உட்கார்ந்தான். அதைப் பார்த்து உனக்கு வெறி ஏறியது. என்னை உதைக்க, மல்லாந்து புரண்டு முழங்காலை நெஞ்சு வரை இழுத்தாய்.

"அப்படியே இரு!" என்று கத்தினேன். "அவ சொன்னது இதான்டா! கையால புடிச்சிக்கோ, விடாத!"

உதை அந்தரத்தில் நின்றது. கொஞ்சம் பொறுத்து, யாருக்கும் கேட்காமல், "புடிப்பு விடுதுடா" என்றாய். கேட்டுவிட்டது என்று தெரிந்ததும் என் வம்சத்தையே திட்டினாய்.

அந்த ஆஸ்பத்திரிப் பெண்ணிடம் உன்னைக் கூட்டிப்போனேன். அதற்குப் பிறகு நீ யாரையும் உதைக்கவில்லை. கெலமங்கலத்து ஆள் ஒருவன் வந்து சுவரைப் பிடித்து நின்றபோது அவன் காதைத் திருகித் தரையில் படுக்க வைத்தாய். "ஒதைக்கலயாண்ணா?" என்று பாவமாகக் கேட்டான். "முட்டிய மடக்குடா! தெனம் செய்யலன்னு தெரிஞ்சுது, ஊட்டுக்கே வந்து ஒதைப்பன்!"

மார்கழிக் குளிரில் உன் நெஞ்சு நின்றுபோனது. பாடை தூக்க நான் போனேன். "பெருசு, தள்ளு, இடுப்பு பூடும்" என்றான் உன் மருமகன். முழங்கையால் அவன் விலாவில் குத்திவிட்டு என் இடத்தைப் பிடித்தேன். முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, மூங்கிலைத் தோளோடு சேர்த்து எழுந்தேன். நீ நல்ல கனம். ஏரிக்கரை வரைக்கும் தோள் மாற்றவில்லை. இறக்கி வைத்ததும் எல்லோரும் என் இடுப்பையே பார்த்தார்கள். துளிக்கூட வலிக்கவில்லை.

ஊரே மெச்சியது. எனக்கோ ஆத்திரமாக வந்தது. உன்னை இறக்கிவிட்டு வந்த அன்றைக்காவது அது வலித்திருக்க வேண்டாமா? அந்த ஆத்திரத்தோடுதான் இன்றும் விடிந்ததும் பயிற்சிக்குப் பாயை விரிக்கிறேன்.