அமூஸுவின் குழியில் படுத்திருந்தேன்

அன்பு மகள் செனாவுக்கு,

உன் வீட்டில் அடுப்பு எரிகிறதா, பிள்ளை சிரித்துக்கொண்டே கண் விழிக்கிறானா, மாப்பிள்ளைக்கு வேலை நிலைத்திருக்கிறதா. இந்த மூன்றுக்கும் ஆமாம் என்று சொல்லிவிட்டாயானால் மற்றதை நான் கேட்கப் போவதில்லை. இங்கே நானும் உன் அம்மாவும் மூச்சோடு இருக்கிறோம், கூரை இருக்கிறது, பானையில் தண்ணீர் இருக்கிறது. இதை எழுதுவது தையல்காரி கஃபூயி. மிஷினை நிறுத்திவிட்டு, ஊசி குத்திய விரலைச் சப்பிக்கொண்டே எழுதுகிறாள். நான் எவே மொழியில் சொல்கிறேன், ஏனென்றால் நம் மலைப் பேச்சை எழுத அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது, அதைப் பதிவு செய்ய இங்கே வந்திருக்கிற பியாலோ மேடம் ஒருத்திக்குத்தான் தெரியும், ஆனால் அவள் எழுதினால் உனக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே அப்பன் மகளுக்குச் சொல்லும் சமாச்சாரம் சமவெளிக்காரர் பாஷையில் சுற்றிக்கொண்டு வருகிறது. மெதுவாகப் படி.

கொக்கோ இந்த முறை காய்த்தது, ஆனால் பாதிக் காய் கறுத்துவிட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம் மழை பெய்தால் இந்தப் பக்கம் பெய்வதில்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, அதற்கு அவள் என்னைத் திட்டுகிறாள், நான்தான் அவளை மலை மேல் கட்டிக்கொண்டு வந்தேனாம். வடக்கிலிருந்து புழுதிக்காற்று தொடங்கிவிட்டது, உதடு வெடிக்கிறது, அங்கே உங்கள் ஊர்ப் பனியில் பிள்ளையின் உதட்டுக்கு ஷியா வெண்ணெய் தடவு, போன தடவை கொடுத்தனுப்பியது தீர்ந்துவிட்டால் சொல்.

இனி சொல்ல வந்த சேதி. அமூஸு போய்விட்டான். நீ போனில் கேட்டிருப்பாய், எப்படிப் போனான் என்று உன் அம்மா சொல்லியிருப்பாள், மூத்திரம் கட்டிக்கொண்டது, அட்டாக்பமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், திரும்பி வரும்போது வண்டியில் பேச்சு நின்றுபோயிற்று. அது உனக்குத் தெரிந்திருக்கும். அவனைப் புதைத்த அன்று நடந்தது உனக்குத் தெரியாது, உன் அம்மாவும் அதைச் சொல்லியிருக்க மாட்டாள், அவளுக்கு அது வெட்கம்.

அவன் சிறுத்தை வீடு, நாம் தேனீ வீடு. இந்த இரண்டு வீட்டுக்கும் கேலிமுறை என்பது உனக்கு நினைவிருக்கும், இல்லாவிட்டாலும் நான் சொல்கிறேன். நான் அவனிடம் ஒரு நாளும் ஏசாமல் நேராகப் பேசியது கிடையாது, அவனும் என்னிடம் பேசியது கிடையாது. வழியில் பார்த்தால், என்னடா கயிறு தின்னி, இன்னும் சாகலையா என்பேன். உன் ரெண்டாங் கல்யாணத்துல பன்னிக்கறி தின்னுட்டுத்தான் சாவேன்டா பூநக்கி என்பான். பாலம் அடித்துக்கொண்டு போன வருஷம் நான் காய்ச்சலில் கிடந்தபோது அவன்தான் முதுகில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தான், கடக்கிற வரைக்கும், தேனீ இவ்வளவு கனமா இருக்குமா, திருடின தேனெல்லாம் வயித்துக்குள்ளதான் இருக்கு என்று ஏசிக்கொண்டே போனான். முறை என்றால் அப்படி.

ஒருவன் செத்தால் மற்ற வீட்டுக்காரன் போய்க் குழிக்குள் படுத்துக்கொள்ள வேண்டும். பெட்டியை இறக்க விடக் கூடாது. படுத்தபடியே செத்தவனை ஏச வேண்டும். அப்போது செத்தவன் பிள்ளைகள் குழி ஓரத்தில் வந்து நின்று பதிலுக்கு ஏச வேண்டும், கடைசியில், எந்திரிடா தேனீ, புகை போடுறோம் என்று சொல்ல வேண்டும். நாம் இருமிக்கொண்டே எழுந்து வெளியே வர வேண்டும். எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புச் சத்தத்தில்தான் செத்தவன் காட்டுக்குப் போக வழி கண்டுபிடிப்பான். பதில் வராவிட்டால் வீட்டுக்கும் காட்டுக்கும் நடுவே நின்றுவிடுவான். இது எல்லாம் நம் பேச்சில்தான், வேறு எந்தப் பேச்சிலும் கிடையாது.

அமூஸுவின் மகன் எலோம் லோமேயிலிருந்து வந்திருந்தான், துறைமுகத்தில் வேலை பார்க்கிறானே அவன். தன்னோடு ஒரு பாஸ்டரையும் கூட்டி வந்தான், இருவரும் வெள்ளைச் சட்டை. நான் குழிக்குள் இறங்கினேன். முழங்கால் விடவில்லை, கஃபூயியின் புருஷன்தான் கை கொடுத்தான். மண் குளிர்ச்சியாக இருந்தது, அங்கிருந்து பார்த்தால் வானமும் சுற்றி நிற்கிறவர்களின் மூக்குத்துவாரமும்தான் தெரிகிறது. நான் ஆரம்பித்தேன். யாருடா அந்தப் பெட்டிக்குள்ள, ஆட்டுத்திருடன் அமூஸுவா, இது நான் கிழங்கு நட வெட்டின குழி, வேற எடம் பாரு. உன் தாத்தன் எங்க தாத்தன் ஆட்டைத் தின்னான், கட்டின கயித்தையும் தின்னான், இன்னைக்கும் உங்க வீட்டுல யாராச்சும் கொட்டாவி விட்டா தொண்டையில கயிறு தெரியுது. இப்படி.

பதில் வரவில்லை. எலோம் என்னைப் பார்த்தான், பாஸ்டரைப் பார்த்தான். நான் அவனுக்கு இடம் கொடுத்து நிறுத்தி மறுபடி ஏசினேன், அப்போதும் வரவில்லை. நம் பேச்சு தெரிந்த நாலைந்து கிழங்கள் சுற்றி நின்றார்கள், எல்லாரும் நம் தேனீ வீட்டார், அவர்கள் என் பக்கம், பதில் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. அமூஸுவின் தம்பி போன வருஷமே போய்விட்டான். சிறுத்தை வீட்டில் பிள்ளை என்று எலோமும் அவன் தங்கைகளும்தான், அவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள், எவேயில் அழுதார்கள்.

அப்போது பெட்டி செய்த தச்சன், வெளியூரான், நம் பேச்சு கேட்டால் புரியும், முறை தெரியாது, உதவி செய்வதாக நினைத்துக் காரியத்தைக் கெடுத்தான். பெரியவர் என்ன சொல்றாருன்னா என்று எலோமின் காதில் எவேயில் மாற்றிச் சொன்னான். உங்கப்பா திருடராம், உங்க தாத்தாவும் திருடராம், இந்த எடம் அவரோடதாம், பெட்டியை எறக்க விட மாட்டாராம். யோசித்துப் பார் மகளே, ஒரு வார்த்தை பிசகாமல்தான் சொன்னான். நம் பேச்சில் சொன்னால் அது சிரிப்பு, அந்தப் பாஷையில் போய் விழுந்தால் அது வழக்கு. எலோமின் முகம் கறுத்துவிட்டது. எங்கப்பா இன்னும் மண்ணுக்குள்ள போகல, அதுக்குள்ள நெலத்தகராறா பெரியவரே, உங்களை அவரு கூடப்பொறந்தவர் மாதிரின்னு சொல்வாரே என்றான். எனக்கு அவனிடம் எவேயில் சொல்லத் தெரியும், தம்பி இது முறை என்று விளக்கியிருக்கலாம். ஆனால் குழிக்குள் படுத்திருப்பவன் வேறு பாஷை பேசக் கூடாது, விளக்கவும் கூடாது. விளக்கினால் அது முறையே இல்லை. ஆகவே இன்னொரு தடவை கயிறு தின்னி என்றேன்.

பாஸ்டர் கையைக் காட்டினார். இளவட்டங்கள் இறங்கி என்னை அக்குளிலும் காலிலும் பிடித்துக் கொக்கோ மூட்டை போலத் தூக்கி வெளியே மண்மேட்டில் வைத்தார்கள். மரியாதையாகத்தான் வைத்தார்கள், ஒருவன் தலைக்குக் கீழே துண்டு மடித்து வைத்தான், தாத்தாவுக்கு வெயில் ஏறிருச்சு என்றான். யாரும் புகை போடவில்லை, ஆனாலும் நான் இருமினேன், முறைக்காக இருமினேன். யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்கள். பெட்டி இறங்கிவிட்டது.

பியாலோ மேடம் கூட்டத்தில்தான் நின்றாள். உனக்கு அவளைத் தெரியாது, போன மழைக்காலத்திலிருந்து இங்கே இருக்கிறாள், லோமே பல்கலைக்கழகத்துக்காரி, பிறந்தது காரா பக்கம், கபியே ஜனம். நம் பேச்சைப் பிடித்து வைக்க வந்தவள். வந்த புதிதில் குழாயடியில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பாள், இவளுக்கு வேறு வேலை இல்லையா என்று ஊரே கேட்டது. பிள்ளைகள் எந்தப் பேச்சில் சண்டை போடுகிறார்கள் என்று பார்க்கிறாளாம். பெரியவங்க கிட்ட கேட்டா பொய் சொல்வாங்க தாத்தா, எங்க வீட்டுல எல்லாரும் நம்ம பேச்சுதான்னு சொல்வாங்க, குடம் ஒடஞ்சா பிள்ளைங்க வாயில என்ன வருதோ அதுதான் நெசம் என்றாள். என்ன வருது என்று கேட்டேன். எவேதான் தாத்தா, கொஞ்சம் பிரெஞ்சு என்றாள். கடல் வரைக்கும் இறங்கிப் போனால் வழியெல்லாம் இப்படிச் சின்னச் சின்னப் பேச்சுகளாம், சிலதை ஒரு சந்தைக் கூட்டம் அளவுக்குத்தான் ஆட்கள் பேசுகிறார்களாம். நீ எழுதிட்டியானா பொழச்சுக்குமா என்று கேட்டேன். எழுதத்தான் என்னால முடியும், பேச வைக்க முடியாது என்றாள். டாக்டர் கையை விரித்த மாதிரி இருந்தது.

அவள் எங்களைத்தான், என்னையும் அமூஸுவையும், எதிரெதிரே உட்கார வைத்து, குரல் பிடிக்கிற மிஷினைப் போட்டு, சும்மா பேசுங்க என்பாள். எங்களுக்குச் சும்மா பேசத் தெரியாதே. நாங்கள் ஏசிக்கொண்டோம். பனஞ்சாராயம் ஒரு மடக்கு உள்ளே போனால் அமூஸுவின் ஏச்சு பாட்டுப் போல வரும். முதலில் திகைத்தவள் பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கடைசியில் அவளே கற்றுக்கொண்டுவிட்டாள்.

புதைத்து முடித்த பிறகு வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்குப் பதில் தெரியும் தாத்தா, வாய் வரைக்கும் வந்துச்சு, ஆனா நான் அந்த வீட்டுப் பொண்ணு இல்லையே என்று அழுதாள். நீ சொல்லியிருந்தாலும் நான் எந்திரிச்சிருக்க மாட்டேன்மா, அப்பவும் தூக்கித்தான் போட்டிருப்பாங்க, ஒரு வித்தியாசமும் இல்லை என்றேன். தேனீ வீட்டுக்கு வெளியே அந்தப் பதில் தெரிந்த ஒரே ஒருத்தி அங்கே நின்றாள், அவள் சொன்னால் செல்லாது. சொல்ல வேண்டியவன் நின்றான், அவனுக்குத் தெரியாது. நான் மண்மேட்டில் கிடந்தேன். உன் அம்மா மட்டும், செத்தவனுக்கு எந்தப் பாஷையா இருந்தா என்ன, காது கேக்கவா போகுது என்று சொல்லி ஃபூஃபூவுக்குக் கிழங்கு இடிக்கப் போய்விட்டாள். அவள் சமவெளிக்காரி, அவளைக் குறை சொல்லவில்லை.

எலோம் போகும்போது ஊர்த்தலைவரிடம் அந்த நிலம் யாருடையது என்று கேட்டுவிட்டுத்தான் போனான். தலைவர் விளக்கிச் சொன்னாராம், அவன் தலையாட்டினானாம். ஆனால் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான். அமூஸு எங்கே நிற்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. தோட்டத்துக்குப் போகும் வழியில் அந்தப் பக்கம் வரும்போது, கயிறு தின்னி, இன்னும் போகலையா என்று கேட்கிறேன். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

இனி நான் சாகும் முறை வரும்போது என்ன செய்வது. சிறுத்தை வீட்டில் படுக்க ஆள் இல்லை. எலோமைக் கூப்பிட்டால் வரமாட்டான், வந்தாலும் வெள்ளைச் சட்டையோடு எதைச் சொல்லி ஏசுவான். இதை நினைத்து நினைத்துப் பார்த்துவிட்டு பியாலோ மேடத்திடம் போனேன், அவளுக்குக் கொடுத்த பணம் தீர்ந்து அடுத்த வாரம் அவளும் புறப்படுகிறாள். மிஷினில் அமூஸுவின் குரல் இருக்கிறதே, அதைக் குழிக்குள் வைத்தால் அவன் படுத்த மாதிரிதானே என்று கேட்டேன். இருக்கும் தாத்தா என்றாள். ஆனால் அதில் அவன் ஒவ்வொரு தடவை ஏசியதற்கும் நான் பதில் ஏசியிருக்கிறேன், அன்றைக்குச் செத்தவன் நான், செத்தவனே பதில் சொன்னால் நன்றாகவா இருக்கும், என் குரலை வெட்டி எடுத்துவிடு என்றேன். வெட்டக் கூடாது தாத்தா, எங்க வேலையில அது பெரிய தப்பு என்றாள். அப்புறம் தனியாக ஒன்று நகல் எடுத்து அதில் மட்டும் என் குரலை எடுத்துவிட்டாள். அந்த இடத்தை ஒட்டிவிடாதே, காலியாகவே விடு, நீளமாக விடு, என் மகள் வெகுதூரத்திலிருந்து வருவாள், அவள் யோசிக்க நேரம் வேண்டும் என்றேன்.

போன மாதம் போனில் நான் நம் பேச்சில் கேட்டபோது, அப்பா மெதுவா, புரியல, எவேல சொல்லுங்க என்றாய். எனக்கு அது வருத்தமில்லை. அங்கே நீ யாரோடு பேசுவாய். ஆனால் உனக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்த காலத்தில் அமூஸு வந்து உன் தட்டில் கை வைத்து, தேனீக்குட்டிக்கு எதுக்குக் கிழங்கு, போய்ப் பூவை நக்கு என்றான். நீ நிமிர்ந்து பார்த்து, கைய எடு சிறுத்தை, மூக்குல கொட்டிருவேன் என்றாய். முன்பல் இல்லாததால் காற்றாக வந்தது. அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு நம் வீட்டைச் சுற்றி ஓடினான், நீ துரத்தினாய், உன் அம்மாகூடச் சிரித்தாள். அதே வார்த்தைதான் மகளே. சிறுத்தை குழிக்குள் படுத்தால் தேனீ வீட்டுப் பிள்ளை சொல்ல வேண்டியது அதுதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இந்தக் கடிதத்தில் அதை எவேயில்தான் எழுத முடிகிறது. நம் பேச்சில் அது எப்படி வரும் என்பது உன் வாயில்தான் எங்கேயோ இருக்க வேண்டும்.

பிள்ளைக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசி. நீங்கள் நடக்கிற பாதையில் கல் விலகட்டும், உங்கள் பானை காலியாகாமல் இருக்கட்டும், உன் பெயரைக் கூப்பிட எப்போதும் ஒரு வாய் இருக்கட்டும். உதட்டுக்கு வெண்ணெய் தடவ மறக்காதே. மேடம் உன் போனுக்கு அந்தக் குரலை அனுப்பி வைக்கிறேன் என்றாள், வந்தால் பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது போட்டுக் கேள்.

அனுப்புவதற்கு முன்னே எனக்கு ஒரு தடவை போட்டுக் காட்டினாள். அமூஸு ஏசினான், நன்றாகத்தான் ஏசினான், அப்புறம் சத்தமே இல்லை. நான் தலையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மிஷின் நின்னு போச்சுன்னு நெனச்சீங்களா தாத்தா, அது நீங்க விடச் சொன்ன எடம் என்றாள் மேடம். பேசாம இரும்மா, என் மக பதில் சொல்லிட்டிருக்கா என்றேன்.

உன் அப்பன்,
தேனீ வீட்டு தொசே
(கைநாட்டு. கஃபூயி எழுதினாள், அவளும் உன்னைக் கேட்டதாகச் சொல்கிறாள்.)