அம்மாவின் இடுப்பில் உன் தகடு

அன்புள்ள முசுடுக்கு,

நீ வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றால் முழுதும் படித்துவிட்டுக் கிழி.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். பயப்படாதே, இப்போது நன்றாக இருக்கிறாள். அன்று எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், நம் சோதனைக்கூடத்துக்கு வந்து போவாரே அந்த வழுக்கைத்தலைக்காரர்தான், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "தப்பா எடுத்துக்காதம்மா. உங்க கம்பெனி ஸ்க்ரூ இந்த எலும்புல நிக்காது, கிழிச்சுக்கிட்டு வெளிய வந்துரும். வேற ஒண்ணு வச்சிருக்கேன்." பெட்டியைத் திறந்தார். ஸ்க்ரூ இல்லை; முறுக்கிய தகடு. பெட்டியின் மேல் நீ இப்போது வேலை செய்யும் கம்பெனியின் பெயர். அந்த வளைவை வரைந்த கை யாருடையதென்று எனக்குத் தெரியாதா?

கடைசிக் கூட்டத்தில் நீ கத்தியது அப்படியே காதில் விழுந்தது. "கெட்டியான பிளாஸ்டிக் எலும்புல திருகிப் பாத்துட்டு கை தட்டுறோம். விழுற வயசானவங்களுக்கு இருக்கறது ரஸ்க் மாதிரி எலும்பு. ஸ்க்ரூ அதைக் குடைஞ்சு தூளாக்கும். தகட்டை அடிச்சு இறக்குனா சுத்தி இருக்கறதை நெருக்கிப் பிடிச்சுக்கும்." அரசு அனுமதிக்கு அனுப்பும் தேதி நெருங்குகிறதென்று உன் வரைபடத்தை ஒதுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் நான்தான். நீ சொன்னது சரியென்று அன்றைக்கே எனக்குத் தெரியும். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

டாக்டரிடம் "அதையே போடுங்க" என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு ஆறு வாரம், அம்மா கால் ஊன்றும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நடக்கறது நான், மூச்சைப் பிடிக்கறது நீயா?" என்று கேலி வேறு.

இன்று காலை புது எக்ஸ்ரே. டாக்டர் இரண்டு முறை அளந்தார். தகடு வைத்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அம்மா கைத்தடியால் என்னை இடித்து, "எந்திரிடி, வர்றவங்களுக்கு வழி விடு" என்றாள். ஆட்டோவில் வரும்போது அதை வரைந்தது நீதான் என்று சொன்னேன். "அந்த முசுடா? அவளை ஏன்டி வீட்டுப் பக்கமே காணோம்?" என்று கேட்டாள்.

இனி மென்மையான எலும்பு மாதிரியில் சோதித்த பிறகே எதையும் அனுப்பவேண்டும் என்று நாளை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கிறேன். அந்தக் கூட்டத்துக்கு நீ எழுதிக் கொண்டுவந்த குறிப்பையும் இணைத்திருக்கிறேன், உன் பெயரோடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. கோபம் தீராவிட்டால் கோபத்தோடேயே வா. மணி அடித்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்து நில். மெதுவாகத்தான் வருவாள், ஆனால் அம்மாவே நடந்து வந்து கதவைத் திறப்பாள்.

இப்படிக்கு,
உன் பக்கத்து மேசைக்காரி