வாய்க்கால் பாதை தெரியும் ஜன்னல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் மகள் வாலுவும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் இரண்டு நாளாகக் கொஞ்சம் கோபித்துக்கொண்டிருக்கிறது, அதன் காரணம் பின்னால் வருகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த ஊர்க் குளிர் உனக்குப் பழகிவிட்டதா, எக்ஸ்ரே அறையில் நின்று நின்று கால் வீங்குவது நின்றதா, எல்லாவற்றுக்கும் பதில் போடு.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ பாதியில் குறுக்கே விழுந்து, சரிம்மா சரிம்மா என்று என் வாயை அடைத்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். ஆகையால் உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி.

நீ சொன்னபடி சனிக்கிழமை காலை ரயிலில் வாலுவைக் கூட்டிக்கொண்டு, நீ வேலை மாற்றலாகி வரப்போகிற பெரிய நகரத்துக்குப் போய் வீடுகள் பார்த்துவிட்டு வந்தோம். தங்கியது மில்லில் என்னோடு வேலை பார்த்த கூட்டாளி வீட்டில். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் லீவு போட வேண்டியதாயிற்று, திட்டாதே. வீடு எப்படி இருக்க வேண்டும் என்று உன் ஓட்டக் கோச் எழுதிக்கொடுத்த சீட்டை வாலுவிடம் கொடுத்துவிட்டேன். எட்டு வயதுக்கு அவள் அதை வைத்துக்கொண்டு செய்த அதிகாரம் இருக்கிறதே, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சத்தமாக வாசிப்பாள். சிமெண்ட் ரோடு கூடாது, மண் பாதை வேண்டும், நடுவில் சிக்னலும் வண்டியும் இல்லாமல் போக வர பதினெட்டு கிலோமீட்டர் ஓட இடம் வேண்டும், ஒரு மேடு வேண்டும், படுக்கிற அறை சத்தமில்லாமல் இருக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். வீட்டுத் தரகர் பாவம், பொறுமையான மனுஷன், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மா, உங்களுக்கு வீடு வேணுமா ரோடு வேணுமா?" என்று கேட்டார். ரோடுதான் வேணும், கூடவே ஒரு வீடும் வந்தா வேண்டாம்னு சொல்ல மாட்டோம் என்றேன்.

முதலில் நீ ஆசைப்பட்டு எழுதிய வீடு. ஆஸ்பத்திரிக்குப் பின்தெரு, ஐந்தாவது மாடி, லிப்ட் இருக்கிறது, பள்ளிக்கூடம் ஜன்னலிலிருந்தே தெரிகிறது. சமையலறை வெளிச்சமாக இருக்கிறது, இரண்டு பேர் நின்று வேலை செய்யலாம், நான் பொய் சொல்ல மாட்டேன். எதிரில் பூங்கா இருக்கிறது, ஓடுவதற்கு அது போதும் என்று எழுதியிருந்தாய். நான் அதைச் சுற்றி நடந்து பார்த்தேன். முந்நூற்று எண்பது காலடியில் ஒரு சுற்று முடிந்துவிட்டது. அதற்குள் பந்து விளையாடுகிற பிள்ளைகள், நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள், நடுவழியில் நின்று போன் பேசுகிறவர்கள். தரை முழுக்கக் கல் பதித்திருக்கிறது. நீ அங்கே பதினெட்டு கிலோமீட்டர் ஓடினால் செக்குமாடு மாதிரி தலை சுற்றித்தான் விழுவாய். வாலு சீட்டில் ஒரே ஒரு டிக் போட்டாள், ஆஸ்பத்திரிக்கு நேராக.

இரண்டாவது வீட்டில்தான் உன் அம்மா ஏமாந்தாள். நகரம் முடிகிற இடத்தில் ஏரிக்கரை. ஞாயிற்றுக்கிழமை போனோம். காற்றென்றால் அப்படி ஒரு காற்று, ஏரியைச் சுற்றி அகலமான மண் பாதை, ஒரு ஈ காக்கை கிடையாது, தண்ணீரில் பறவைகள் மட்டும். வீட்டுக்காரர் நாற்காலி போட்டு டீ கொடுத்தார். வாலு டிக்கு மேல் டிக்காகப் போட்டுத் தள்ளினாள். நானும் அங்கேயே, இந்த வீடு எங்களுக்குத்தான், வேறு யாருக்கும் கொடுக்காதீங்க என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். திரும்பி வருகிற வழியில் கூட்டாளியிடம் பெருமையாகச் சொன்னால், அவள் என்னைப் பார்த்து, "ஏண்டி, இருபத்தாறு வருஷம் மில்லுல இருந்தவ, லீவு நாள்ல போய் மெஷின் பாத்துட்டு வந்திருக்கியே!" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மில் நின்றிருக்கிற நாளில் போய்ப் பார்த்தால் எந்த மெஷினும் நல்ல மெஷின்தான், சத்தம் கிடையாது, நூல் அறுகாது, பளபளவென்று நிற்கும். அதன் குணம் ஓட்டினால்தான் தெரியும். புதிதாக வருகிற பெண்களுக்கு நானே இதை எத்தனை தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கே போய் அந்த ஏரிக்கரையில் நின்றோம். ஆறு மணிக்கு முதல் லாரி வந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் கல்குவாரி இருக்கிறதாம், ஞாயிறு மட்டும்தான் லீவாம். ஏழு மணிக்குள் நாற்பத்தொரு லாரி என்று வாலு கோடு போட்டு எண்ணினாள். அவள் தலைமுடி எல்லாம் புழுதியில் வெளுத்து என்னைவிடக் கிழவியாக நின்றாள். அந்தத் தூசியை மூச்சு வாங்க வாங்க நீ தினமும் உள்ளே இழுக்க நான் விடுவேனா. வீட்டுக்காரரிடம் போய் வாக்கைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "அது ஒரு மணி நேரந்தாம்மா, அப்புறம் அமைதியாயிடும்" என்றார். அந்த ஒரு மணி நேரந்தாங்க எம்பொண்ணு ஓடுற நேரம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தரகர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். அவருக்கு லாரி விஷயம் தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை.

மூன்றாவது வீடு நீ பட்டியலில் கடைசியில் எழுதி, தூரம் என்று அடித்திருந்த வீடு. அடித்தாலும் எழுத்துத் தெரிந்தது. ரயில் கடைசியாக நிற்கிற ஸ்டேஷன், அங்கிருந்து பத்து நிமிஷ நடை. வீட்டுக்கார அம்மா பஸ் டிரைவர், காலை ஷிப்ட் முடித்துக் காக்கிச் சட்டையோடு வந்து கதவைத் திறந்தார். கீழே அவர், மாடி நமக்கு. படி குறுகல், நம் பீரோவைக் கயிறு கட்டித்தான் ஏற்ற வேண்டும். சமையலறையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே வந்துதான் மூச்சு விட வேண்டும். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு அம்மா மறைத்தாள் என்று சொல்லாதே. எம்பொண்ணு அஞ்சரைக்கெல்லாம் எழுந்து கதவைத் திறப்பா, தூக்கம் கெடும்னு திட்டுவீங்களா என்று கேட்டேன். "நான் மூணரைக்கே எழுந்து பஸ் எடுக்கப் போறவ அக்கா, உங்க பொண்ணு என்னைத் திட்டாம இருந்தா சரி" என்றார். எதற்கு ஓடுகிறாள் என்று கேட்டார், நாற்பத்திரண்டு கிலோமீட்டர் பந்தயத்துக்கு என்றேன். "எதுக்குக்கா இவ்வளவு கஷ்டம், அந்த ரூட்ல என் பஸ்ஸே போகுதே!" என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போயிற்று.

வீட்டுக்குப் பின்னால் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டு போகிற வாய்க்கால். அதன் ஓரமாக மண் பாதை, வாய்க்காலைப் பார்த்துக்கொள்கிற ஆட்கள் நடப்பதற்காகப் போட்டது. இரண்டு முனையிலும் கம்பி வைத்து அடைத்திருக்கிறார்கள், வண்டி எதுவும் நுழைய முடியாது. பம்ப் அறை வரைக்கும் ஒரு கிலோமீட்டர் நேர்கோடு, பிறகு வளைந்து மேடேறி அணைக்கதவு வரைக்கும் போகிறது, மொத்தம் ஒன்பது. போக வர பதினெட்டு. நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தேன். உனக்குத் தெரியுமே, மில்லில் ஒரு தடவை மேஸ்திரி அடி எண்ணுகிற கருவியை என் இடுப்பில் மாட்டிவிட்டார், ஒரு ஷிப்டில் இரண்டு வரிசை மெஷினுக்கு நடுவில் அறுந்த நூலை ஒட்டி ஒட்டி நான் நடந்தது பதினான்கு கிலோமீட்டர் என்று காட்டியது. எந்தத் தரை காலைத் தின்னும், எது தாங்கும் என்று என் பாதத்துக்குத் தெரியும். இந்த மண் தாங்கும்.

சாயங்காலம் வாலுவும் நானும் நடந்துகொண்டிருந்தபோது பத்துப் பேர் கூட்டமாக எங்களைத் தாண்டி ஓடினார்கள், காலடிச் சத்தமே இல்லை. பின்னால் சைக்கிளில் விசிலோடு ஒரு அம்மா, அதுதான் உன் கோச். எனக்கு முதலில் தெரியவில்லை. "அம்மா, நடக்கிறீங்களா, வழி தப்பிட்டீங்களா?" என்று சைக்கிளை நிறுத்தினார். எம்பொண்ணுக்கு ரோடு பாக்க வந்தேன் என்றதும் யார் என்று கண்டுபிடித்துவிட்டார். முப்பத்தைந்து வயதாகிவிட்டதே, இனிமேல் ஓடி என்ன ஆகப்போகிறது என்று உன் மனசில் ஓடுவதை நான் அவரிடமே கேட்டேன். "குறைஞ்ச தூரத்துக்குத்தாம்மா சின்ன வயசு வேணும், நீண்ட தூரத்துக்குக் கால் இப்பத்தான் பழுத்திருக்கும். ஒரு வருஷம் என் பக்கத்துல இருக்கட்டும், நேஷனல்ல நிக்க வைக்கிறேன். ஆனா வாரத்துக்கு ஒரு நாள் சிட்டிலேருந்து வந்து ஓடிட்டுப் போறேன்னா வேண்டாம், அவங்க நேரமும் வீண் என் நேரமும் வீண்" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதிக்கொண்டு போய்விட்டார். இதை நான் கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு போதும்மா, என் ஓட்டத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் நான்கு தடவை படித்தேன். அது உன் வார்த்தை இல்லை, என் வார்த்தை. உனக்குப் பத்தொன்பது வயதில் விளையாட்டு விடுதியிலிருந்து உன்னைக் கூப்பிட்டு ஆள் வந்தபோது, உன் அப்பா கால் உடைந்து படுத்திருந்தார், நான் ஷிப்டுக்குப் புடவையைச் சுற்றிக்கொண்டே, முதல்ல படிப்பை முடி, வேலைக்குப் போ, ஓட்டத்தை அப்புறம் பாத்துக்கலாம் என்றேன்.  ஷூவைக் கழுவி, காய வைத்து, பேப்பரில் சுற்றிப் பரண் மேல் போட்டாய். அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, வீடு அப்படி இருந்தது. ஆனால் அந்த அப்புறம் வந்து சேரப் பதினாறு வருஷம் ஆயிற்று. வாசல் வரை வந்திருக்கிறதை நீயே திருப்பி அனுப்பாதே.

பிள்ளையை யார் பார்ப்பது என்பாய். நான் வருகிறேன். ஒரு வருஷத்துக்கு இந்த வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறேன். நகரத்தில் போய் நான் இருப்பேனா என்று பத்துப் பேர் முன்னால் சொன்னவள்தான், என்ன செய்வது, சொன்னதையெல்லாம் காப்பாற்றினால் மனுஷன் பிழைக்க முடியுமா. இரண்டு ஸ்டேஷன் தள்ளி ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருக்கிறது, நேரே போய் விசாரித்தேன், நாலாம் வகுப்பில் இடம் இருக்கிறது, நானே ரயிலில் கொண்டு விட்டுக் கூட்டி வருவேன். அவள் ஆங்கிலப் பாடத்தை மட்டும் நீ பார்த்துக்கொள், என் படிப்பு ஐந்தோடு நின்றுவிட்டது, அவள் இப்போதே என்னைத் தாண்டப் பார்க்கிறாள். காலைச் சமையல் என்னுடையது, ராத்திரிச் சமையல் உன்னுடையது, இதில் பேரம் கிடையாது. மாப்பிள்ளை கப்பலிலிருந்து பேசினார், "அத்தை, நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும், அவளைச் சம்மதிக்க வைங்க" என்றார். பார், எல்லோரும் சேர்ந்து என்னைத்தான் முன்னால் தள்ளிவிடுகிறார்கள்.

ஆனால் வீட்டை முடிவு செய்தது நான் இல்லை, உன் மகள்.  கோச் போன பிறகு, அம்மா எவ்வளவு நேரம் ஓடுவாங்க என்று கேட்டாள். ஒன்றரை மணி, சில நாள் இரண்டரை என்றேன். "அதுவரைக்கும் அம்மா எங்கே இருக்காங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். எட்டு மாசமாக நீ எங்கேயோ இருக்கிறாய், அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளை வீட்டுக்குத் திருப்பிக் கூட்டி வந்து டிரைவர் அம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன். அவர்தான் அவளை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் பின்பக்க ஜன்னலைத் திறந்து காட்டினார். அங்கே நின்றால் பம்ப் அறை வரைக்கும் பாதை ஒரு மறைப்பும் இல்லாமல் தெரிகிறது. உடனே வாலு அங்கிருந்தே, "பாட்டி, நீ போய்ட்டு வா, நான் பாக்குறேன்" என்று கத்தினாள். போனேன். பம்ப் அறையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றால் குறை சொல்கிறாள், "பாதித் தூரத்துல நீ காணாமப் போய்ட்ட. அப்புறம் புள்ளியா வந்த. அப்புறம் பொம்மையா வந்த. அப்புறந்தான் பாட்டியா வந்த" என்று. என் சாம்பல் கலர் சால்வை மண்ணோடு மண்ணாகக் கலந்துவிட்டதாம். டிரைவர் அம்மா ஒரு சிவப்புத் துண்டை எடுத்து என் தோளில் கட்டிவிட்டார், வாலு மறுபடியும் போகச் சொன்னாள், மறுபடியும் போனேன், முழங்கால் ஏன் கோபித்துக்கொண்டது என்று இப்போது தெரிகிறதா. இந்தத் தடவை போகும்போதும் வரும்போதும் ஒரு இடத்திலும் நான் மறையவில்லையாம். அவள் சீட்டின் கடைசியில் தானாகவே ஒரு வரி எழுதினாள், 'அம்மா திரும்பி வருவது தெரிய வேண்டும்' என்று, அதற்கு நேராக டிக் போட்டாள். அந்தச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன், பத்திரமாக வை.

டிரைவர் அம்மா இருபதாம் தேதி வரைக்கும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். கடிதம் கிடைத்த அன்றே போன் பண்ணு, அதிகம் பேச வேண்டாம், சரி என்று ஒரு வார்த்தை போதும்.

உன் கால்களுக்கு ஒரு குறையும் வராமல், போன இடமெல்லாம் மரியாதையோடு, நோய் நொடியில்லாமல் நீ நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும், என் ஆயுசில் பாதியை நீயும் பாதியை வாலுவும் எடுத்துக்கொள்ளுங்கள். வருகிறபோது ஒன்றை மட்டும் மறக்காதே, ஓடுவதற்கு நல்ல சிவப்பில் ஒரு சட்டை வாங்கிக்கொண்டு வா. துவைத்துக் காய நேரம் வேண்டும், இரண்டாகவே வாங்கு.

உன்னைப் பெற்றதில் என்றும் பெருமைப்படும்,
அம்மா